ஆஸ்துமா: முட்டு வருமுன் செய்ய வேண்டியவை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் ஆஸ்துமா உள்ளவர்களில் பலர், முட்டு எனப்படும் மூச்சுத்திணறல் வந்ததும் வைத்தியசாலைக்கு ஓடி, நெபுலைசர் மூலம் மருந்தை இழுத்து, மூச்சுச் சீரானதும் வீடு திரும்பி, அடுத்த முட்டு வரும்வரை அந்த நோயை மறந்துவிடுகிறார்கள். அரச வைத்தியசாலைகளில் மருந்துக் கலவையாளராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவன் என்ற முறையில், மருந்து வழங்கும் யன்னலின் உட்புறத்திலிருந்து இதனை ஆண்டுக்கணக்காகப் பார்த்து வந்திருக்கிறேன். மாரி தொடங்கியதும் சில முகங்கள் வரும். வெள்ளாமை வெட்டுத் தொடங்கியதும் அதே முகங்கள் மீண்டும் வரும். ஆனால் நாள்தோறும் எடுக்க வேண்டிய தடுப்பு மருந்து முடிந்து, அதனை மறுபடி பெற்றுக்கொள்ள வேண்டிய கிளினிக் நாளில் அவர்களுள் பலரைக் காண முடியாது. இந்தப் பழக்கம் மாற வேண்டும், அதற்கு எமது வீடுகளிலும் பாடசாலைகளிலும் சில காரியங்கள் நடக்க வேண்டும் என்பதைச் சொல்லவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

ஒவ்வாமையால் வரும் ஆஸ்துமாவில், மூச்சுக் குழாய்களின் உட்சுவர், இழுப்பு இல்லாத நாட்களிலும் மெல்லிய அழற்சியுடனேயே இருக்கிறது. தூசோ புகையோ பூஞ்சணமோ அந்தச் சுவரைத் தொட்டவுடன், குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகி, உட்சுவர் வீங்கி, சளி சுரந்து, காற்று செல்லும் வழி ஒடுங்கிவிடுகிறது. சல்பியூட்டமோல் என்னும் நிவாரண மருந்து தசையின் இறுக்கத்தைச் சில நிமிடங்களில் தளர்த்தும். நான்கு முதல் ஆறு மணித்தியாலம் வரை அதன் பயன் நிற்கும். உள்ளே இருக்கும் அழற்சியை அது தொடுவதே இல்லை. அழற்சியைத் தணிப்பவை பெக்லோமெத்தசோன், பியூடிசோனைட், புளூட்டிகசோன் போன்ற தடுப்பு மருந்துகளாகும். இவற்றின் பயன் தெரியச் சில நாட்களோ வாரங்களோ செல்லும் என்பதால், "இழுத்தும் ஒன்றும் குறையவில்லை" என்று ஒரு கிழமையிலேயே கைவிடுபவர்கள் அதிகம். சுகமாக இருக்கிறது என்பதற்காக நிறுத்துபவர்கள் அதனிலும் அதிகம். சுகமாக இருப்பதற்குக் காரணமே அந்த மருந்துதான் என்பதை எத்தனை முறை எடுத்துச் சொன்னாலும் போதாது.

ஆஸ்துமாவுக்கான உலகளாவிய வழிகாட்டியை வெளியிடும் ஜீனா என்னும் நிபுணர் அமைப்பு, வளர்ந்தோருக்கும் பதின்ம வயதினருக்கும் சல்பியூட்டமோலை மட்டும் தனியே கொடுத்து ஆஸ்துமாவைக் கவனிப்பது பாதுகாப்பானதல்ல என்று 2019 இல் தெளிவாக அறிவித்தது. ஒரு வருடத்தில் 200 தடவை அழுத்தக்கூடிய நிவாரண இன்ஹேலர்கள் மூன்றோ அதற்கு மேலோ ஒருவருக்குத் தேவைப்படுமானால், கடும் முட்டு வரும் அபாயம் அவருக்குக் கூடுதலாக இருக்கிறது என்றும் அவ்வழிகாட்டி கூறுகிறது. ஆகவே நிவாரண மருந்து விரைவாகத் தீர்ந்து போவதைக் கண்டால் இன்னொன்றை வாங்கி வைத்துக்கொள்வதுடன் நின்றுவிடாமல், வைத்தியரிடம் சென்று தடுப்பு மருந்தைப் பற்றிப் பேச வேண்டும்.

பம்ப் என்று எம்மவர் சொல்லும் இன்ஹேலரைப் பற்றிய அச்சம் இன்னும் அகலவில்லை. பழகிவிட்டால் விட முடியாது, இருதயத்தைக் கெடுக்கும், நோய் முற்றியவர்களுக்கே அது தேவை என்றெல்லாம் படித்தவர்களும் சொல்லக் கேட்டிருக்கிறேன். கணக்கைப் பார்த்தாலே இந்த அச்சத்தின் பிழை விளங்கும். சல்பியூட்டமோல் குளிசை ஒன்றில் 4 மில்லிகிராம், அதாவது 4000 மைக்ரோகிராம் மருந்து இருக்கிறது. அது வயிற்றில் கரைந்து, இரத்தத்தில் கலந்து, உடல் முழுவதும் சுற்றிய பின்னரே நுரையீரலை அடைகிறது. கை நடுக்கமும் நெஞ்சுப் படபடப்பும் அதனாலேயே உண்டாகின்றன. இன்ஹேலரின் ஓர் அழுத்தத்தில் வருவது 100 மைக்ரோகிராம் மட்டுமே. இரண்டு அழுத்தம் எடுத்தாலும் குளிசையின் இருபதில் ஒரு பங்குதான், அதுவும் தேவையான இடத்துக்கே நேரடியாகச் செல்கிறது. குளிசைக்கு அஞ்சாமல் இன்ஹேலருக்கு அஞ்சுவது தலைகீழான அச்சமாகும். தடுப்பு மருந்தை இழுத்த பின்னர் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டால், வாயில் வெண்படலம் படிவதும் குரல் கம்முவதும் பெரும்பாலும் தவிர்க்கப்படும். திருமணப் பேச்சு நடக்கும் வீடுகளில் மகளின் இன்ஹேலரை அலுமாரிக்குள் மறைத்து வைக்கும் பெற்றோரை எண்ணி நான் மிகவும் வருந்தியிருக்கிறேன். மறைக்கப்பட்ட மருந்து வேண்டிய நேரத்தில் கைக்கு எட்டாது.

மருந்தை இழுக்கும் முறை பிழைத்தால் மருந்து இருந்தும் பயனில்லை. அழுத்தும் இன்ஹேலரை நன்றாகக் குலுக்கி, மூச்சை முழுதாக வெளியே விட்டு, மெதுவாக உள்ளிழுக்கத் தொடங்கும் அதே கணத்தில் அழுத்தி, பத்து விநாடி மூச்சை அடக்க வேண்டும். கப்சூலை உள்ளே இட்டுத் துளைத்து இழுக்கும் சாதனத்தில் இதற்கு மாறாக வேகமாகவும் பலமாகவும் இழுக்க வேண்டும். அதற்குரிய கப்சூலைத் தண்ணீருடன் விழுங்கிவிட்டு வந்து, குணமில்லை என்று முறையிட்டவர்களும் உண்டு. சிறு பிள்ளைகளுக்கும் முதியோருக்கும் ஸ்பேசர் என்னும் இடைக்கலன் அவசியமாகும். அதனை வாங்க வசதியில்லாதவர்கள் சோர்ந்துவிட வேண்டியதில்லை. 500 மில்லிலீற்றர் பிளாஸ்டிக் குளிர்பானப் போத்தலின் அடிப்பகுதியில் இன்ஹேலரின் வாய் இறுக்கமாகப் பொருந்தும்படி துளையிட்டு, சுற்றிலும் பசையால் அடைத்து, போத்தலின் வாய்ப்புறத்தால் பிள்ளையை மூச்செடுக்கச் செய்வது ஏறத்தாழ அதே பயனைத் தரும் என்று தென்னாபிரிக்காவில் பிள்ளைகளிடையே நடத்தப்பட்டு 1999 இல் வெளியான ஆய்வு காட்டியது. போத்தலைச் சவர்க்கார நீரில் கழுவி, துணியால் துடைக்காமல் தானாகக் காயவிட வேண்டும். துடைத்தால் உண்டாகும் நிலைமின், மருந்தைச் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளச் செய்துவிடும்.

இனி, முட்டைத் தூண்டுபவை பற்றி. எமது பகுதியில் ஆண்டு முழுவதும் ஏதோ ஒரு தூண்டி காத்திருக்கிறது என்பதே என் அனுபவம். கார்த்திகையிலிருந்து தை வரை மாரி. சுவரில் ஈரம் ஊறி, அலுமாரியின் பின்புறத்திலும் யன்னல் ஓரத்திலும் கறுப்பாகப் பூஞ்சணம் படரும். வீடுகள் அடைத்துக் கிடக்கும். தடிமன் ஒருவரிலிருந்து ஒருவருக்குப் பரவும். முட்டு கூடுவதற்கு மிகப் பெரிய காரணங்களில் ஒன்று இந்தத் தடிமன் வைரசுகளே. 2024 கார்த்திகை வெள்ளத்தைப் போன்ற பெருவெள்ளம் வந்துபோன வீடுகளில், நீர் வடிந்த பின்னரும் மெத்தையிலும் பலகைத் தளபாடங்களிலும் பூஞ்சணம் தங்கிவிடுகிறது. ஊறிய பஞ்சு மெத்தையைக் காயவைத்துப் பாவிக்கலாம் என்று எண்ணாமல் அகற்றிவிடுவதே நல்லது. சுவரைச் சவர்க்கார நீரால் தேய்த்துக் கழுவி, நன்றாக உலரவிட்டே வெள்ளையடிக்க வேண்டும். பூஞ்சணத்தின் மேலேயே தீந்தை பூசினால் அது மறைந்திருக்கும், சாகாது. இந்த வேலையை ஆஸ்துமா உள்ளவர் செய்யக் கூடாது.

மாசி, பங்குனியில் பெரும்போக அறுவடை வரும். படுவான்கரையிலும் அம்பாறையின் வயற்பரப்புகளிலும் அறுவடை இயந்திரம் ஓடும்போது எழும் தூசில் நெல்லின் சுணையும் பதரும் மட்டுமன்றி, வைக்கலில் வளர்ந்த பூஞ்சணத்தின் வித்துகளும் கலந்திருக்கின்றன. பின்னர் அந்த நெல் பிரதான வீதிகளின் ஓரத்திலே காயப்போடப்படுகிறது. ஒவ்வொரு வாகனமும் அதன் தூசை வீடுகளுக்குள் தள்ளிச் செல்கிறது. சில வீடுகளில் நெல் மூட்டைகளைப் படுக்கையறையிலேயே அடுக்குகிறார்கள். சேமித்த நெல்லிலும் அரிசியிலும் கண்ணுக்கு எளிதில் தெரியாத உண்ணிகள் பெருகும் என்பதால், ஆஸ்துமா உள்ளவர் உறங்கும் அறையில் ஒரு மூட்டைகூட இருக்கக் கூடாது. விவசாயமே வாழ்வாதாரமாக உள்ள ஒருவரிடம் வயலுக்குப் போகாதே என்று சொல்வது நியாயமன்று. ஆனால் அறுவடைக்குப் பல வாரங்கள் முன்பிருந்தே தடுப்பு மருந்தை ஒரு நாளும் தவறாமல் எடுக்கும்படியும், முகத்தோடு ஒட்டிப் பொருந்தும் நல்ல முகக்கவசத்தை அணியும்படியும், நிவாரண இன்ஹேலரைச் சட்டைப் பையில் வைத்திருக்கும்படியும் சொல்ல முடியும். முகத்தில் சுற்றிக்கொள்ளும் துவாய் பெருந்தூசைத் தடுக்குமே தவிர, நுரையீரலுக்குள் இறங்கும் நுண்தூசைத் தடுக்காது.

வைகாசிக்குப் பின்னர் கச்சான் காற்று. வறண்ட மண்ணைத் தூக்கி வீசும் அந்த மாதங்களில், மாலையில் வீட்டைப் பெருக்கித் தூசை மறுபடி கிளப்புவதை விட ஈரத் துணியால் துடைப்பது மேல். தும்புத்தடியால் பெருக்கியே ஆக வேண்டுமென்றால் நீர் தெளித்துவிட்டு, நோயாளி வெளியே இருக்கும் நேரத்தில் பெருக்க வேண்டும். சிறுபோக அறுவடையும் அதே காற்றுடன் வந்து சேரும். எங்கோ தொலைவில் உண்டாகும் மாசும் எங்களைத் தேடி வரும் என்பதை 2022 மார்கழியில் கண்டோம். மாண்டஸ் புயலையொட்டி இந்தியப் பெருநிலப்பரப்பிலிருந்து மாசுக்காற்று வந்து இலங்கையின் வானத்தை மூடியதால், அம்மாதம் 9 ஆம் திகதி பாடசாலைகளே மூடப்பட்டன. அவ்வாறான நாட்களில் வெளியே ஓடியாடுவதைத் தவிர்க்க வேண்டும்.

வருடம் முழுவதும் எங்களுடனேயே உறங்கும் தூண்டியும் ஒன்றுண்டு. வீட்டுத்தூசு உண்ணி ஒரு மில்லிமீற்றரின் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாத சிற்றுயிர். எமது உடலிலிருந்து உதிரும் தோற்செதில்களைத் தின்று மெத்தை, தலையணை, துணிப் பொம்மைகளில் வாழ்கிறது. அதன் கழிவே பெரும்பாலும் ஒவ்வாமையை உண்டாக்குகிறது. அது நீர் குடிப்பதில்லை, காற்றிலுள்ள ஈரத்தையே உடலால் உறிஞ்சுகிறது. காற்றின் ஈரப்பதன் நூற்றுக்கு ஐம்பதுக்குக் கீழே நீண்ட நாள் நின்றால் உலர்ந்து இறக்கும். கடலும் வாவியும் சூழ்ந்த எமது கரையோரத்தில் ஆண்டின் பெரும்பகுதியும் காற்று அதனைவிட ஈரமாகவே இருப்பதால், தானாக அது ஒழியும் என்று எதிர்பார்க்க முடியாது. இலவம் பஞ்சுத் தலையணையும் பழைய தும்பு மெத்தையும் அதற்கு மிக வசதியான இருப்பிடங்கள். தலையணைக்கும் மெத்தைக்கும் நெருக்கமாக நெய்த துணியில் சிப் வைத்த முழு உறை தைத்துப் போடுவதும், விரிப்புகளையும் தலையணை உறைகளையும் வாரம் ஒரு முறை 60 பாகை அளவு சூடான நீரில் அலசி நல்ல வெயிலில் உலர்த்துவதும் பயன் தரும். பாயில் உறங்கும் வழக்கமுள்ள வீடுகள் இந்த ஒரு விடயத்தில் கொடுத்து வைத்தவை. பன்பாயைக் கழுவி வெயிலில் போடுவது மெத்தையைச் சுத்தப்படுத்துவதை விட எவ்வளவோ எளிது. ஆயினும் உறையொன்றை மட்டும் போட்டுவிட்டு மற்றவற்றை விட்டுவிட்டால் பெரிய மாற்றத்தைக் காண முடியாது. சமையலறையில் கரப்பான் பூச்சியைக் கட்டுப்படுத்துவதும், பூனையைப் படுக்கையில் ஏற்றாதிருப்பதும் இதனுடன் சேர்ந்தே நடக்க வேண்டும்.

புகையைப் பற்றிச் சற்று அழுத்தியே சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் அது முற்றிலும் எமது கையில் இருக்கிறது. டெங்கு அச்சத்தால் நுளம்புத் திரியை இரவு முழுவதும் எரிக்கும் அறையிலேயே, முட்டுள்ள பிள்ளையையும் உறங்க வைக்கிறோம். ஒரு நுளம்புத் திரி எரிந்து முடியும்போது வெளிவரும் நுண்துகளின் அளவு 75 முதல் 137 வரையான சிகரெட்டுகள் வெளியிடுவதற்குச் சமம் என்று 2003 இல் வெளியான ஆய்வொன்று அளந்து காட்டியது. நுளம்பு வலை இருக்கையில் பிள்ளைக்கு இந்தப் புகை எதற்கு? வெள்ளிக்கிழமைகளில் இடும் சாம்பிராணியையும் ஊதுபத்தியையும் விட்டுவிடும்படி நான் சொல்லவில்லை. பிள்ளை உறங்கும் அறையில் மட்டும் வேண்டாம் என்கிறேன். 2022 இல் எரிவாயு கிடைக்காமல் விறகடுப்புக்குத் திரும்பிய குடும்பங்கள் சில இன்றும் அதிலேயே சமைக்கின்றன. அவ்வாறானால் குசினியில் புகை போகும் வழியைத் திறந்து வைத்து, காய்ந்த விறகையே பாவித்து, பிள்ளையை அருகில் இருத்தாமலாவது பார்த்துக்கொள்ளலாம். வளவுச் சருகுக்கும் பிளாஸ்டிக் குப்பைக்கும் மாலையில் தீ வைப்பதும், வயலில் வைக்கலை எரிப்பதும் அயலார் அனைவரின் மூச்சிலும் கை வைப்பதாகும். வைக்கலை மண்ணுக்கே திருப்பிச் சேர்க்குமாறு விவசாயத் திணைக்களம் நெடுங்காலமாகக் கூறி வருகிறது. அதனால் நிலத்துக்கும் நன்மையே. பாடசாலைகளையும் வைத்தியசாலைகளையும் அண்டிய இடங்களில் குப்பை எரிப்பதையும் அரிசி ஆலைகளின் உமித் தூசையும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களும் பிரதேச சபைகளும் கண்டிப்புடன் கவனிக்க வேண்டும்.

உணவு விடயத்தில் எங்கள் தாய்மார் தேவையற்ற தண்டனையைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறார்கள். வாழைப்பழம், தோடம்பழம், தயிர், இளநீர் எல்லாம் குளிர்ச்சி என்று நிறுத்தி, பிள்ளை மெலிந்து போனதுதான் மிச்சம். குறித்த ஓர் உணவை உண்டவுடன் ஒவ்வொரு முறையும் முட்டோ தடிப்போ வந்தால் மட்டுமே அதனைத் தவிர்க்க வேண்டும். அவ்வாறு உண்மையாக உணவால் முட்டு வருபவர்கள் சிலரே. இதற்கு மாறாக, யாரும் சந்தேகப்படாத மருந்துகள் முட்டைத் தூண்டக்கூடும். ஆஸ்துமா உள்ளவர்களில் ஒரு பகுதியினருக்கு அஸ்பிரின், இபுபுரோபன், டைக்குளோபெனாக் போன்ற வலி மருந்துகள் ஒத்துக்கொள்ளா. புரோப்பிரனோலோல் குளிசையும், கண்ணழுத்தத்துக்கு விடும் திமோலோல் துளிமருந்தும் மூச்சுக் குழாயை ஒடுக்கும். மருந்தகத்தில் எதனை வாங்கினாலும் "எனக்கு முட்டு இருக்கிறது" என்பதை முதலில் சொல்லுங்கள். பீனிசமும் தும்மலும் உள்ளவர்கள் அதற்கும் சேர்த்து மருந்தெடுத்தால் முட்டும் குறையும். மூக்கும் நுரையீரலும் ஒரே பாதையின் இரு முனைகள்.

எல்லாத் தூண்டிகளும் எல்லோருக்கும் பொருந்தா என்பதால், கிளினிக் கொப்பியின் பின்பக்கத்திலாவது முட்டு வந்த நாள், நேரம், இடம், அன்று செய்த வேலை ஆகியவற்றைக் குறித்து வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். சில வாரங்களில் தன் எதிரி எதுவென்று அவரவருக்கே தெரியத் தொடங்கும். வைத்தியருக்கும் அது பேருதவியாக இருக்கும். கடந்த நான்கு வாரங்களில் பகலில் வாரத்துக்கு இரண்டு முறைக்கு மேல் முட்டு வந்ததா, இரவில் ஒரு முறையாவது அதனால் விழித்ததா, நிவாரண மருந்து வாரத்துக்கு இரண்டு முறைக்கு மேல் தேவைப்பட்டதா, வேலையோ விளையாட்டோ தடைப்பட்டதா என்ற நான்கு கேள்விகளுள் ஒன்றுக்கேனும் ஆம் என்று பதில் வந்தால், நோய் முழுக் கட்டுப்பாட்டில் இல்லை என்று கொள்ள வேண்டும்.

ஒரு வசனத்தை முழுதாகப் பேச முடியாமை, விலாவும் கழுத்துக் குழியும் உள்ளிழுபடுதல், உதடு நீலமாதல், இழுப்புச் சத்தம் அடங்கியும் பிள்ளை சோர்ந்து போதல் ஆகியன ஆபத்தின் அடையாளங்கள். சத்தம் அடங்கியதைச் சுகமென்று எண்ணி உறங்க விடுவது உயிருக்கு உலை வைக்கும். நோயாளியைப் படுக்க வைக்காமல் நிமிர்த்தி இருத்தி, ஸ்பேசர் மூலம் சல்பியூட்டமோலை ஒவ்வோர் அழுத்தமாக, அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை இடைவெளி விட்டு, பத்து அழுத்தம் வரை கொடுத்துக்கொண்டே 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

பாடசாலை அதிபர்களிடம் ஒரு வேண்டுகோள். முட்டுள்ள மாணவரின் இன்ஹேலரைக் காரியாலய அலுமாரியில் வைத்துப் பூட்டாதீர்கள். அது அவருடைய புத்தகப் பையிலோ வகுப்பாசிரியரின் மேசையிலோ இருக்கட்டும். காலையில் வகுப்பறை பெருக்கும் முறை வரும்போது அவருக்கு வேறு பொறுப்பைக் கொடுங்கள். விளையாட்டிலிருந்து விலக்கிவிடாமல், வைத்தியரின் ஆலோசனைப்படி முன்கூட்டியே மருந்தெடுத்து, உடலைச் சூடேற்றிக்கொண்டு ஓட விடுங்கள். புதிய கல்வியாண்டு தொடங்கியதும், பெரும்போக அறுவடைக்கு முன்னரே, தம் வகுப்பில் ஆஸ்துமா உள்ள பிள்ளைகள் யார், அவர்களுடைய மருந்து எங்கே இருக்கிறது என்பதை ஒவ்வொரு வகுப்பாசிரியரும் பெற்றோரிடம் கேட்டறிந்து எழுதி வைக்குமாறு, இரு மாவட்டங்களின் வலயக் கல்விப் பணிப்பாளர்களும் சுற்றறிக்கை மூலம் பணிக்க வேண்டும் என்று தங்கள் பத்திரிகை வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற மருந்துக் கலவையாளர்,
களுவாஞ்சிகுடி.